லிஃப்ட் ஒன்று, ஓடும் நிலையில்

அந்த வேலை காலியாக இருப்பது ஊருக்கே தெரியும். துறைக்கு மட்டும்தான் தெரியாது. தெரிந்தால் விளம்பரம் கொடுக்க வேண்டும். விளம்பரம் கொடுத்தால் ஆள் எடுக்க வேண்டும். எடுத்த ஆள் வேலை செய்துவிட்டால் அப்புறம் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் தெரியாமல் இருந்தார்கள் என்று பழி போட முடியாது. யோசிக்கிற வழக்கம் அங்கே கிடையாது.

துறையின் பெயர் பொதுக் கட்டடப் பராமரிப்புத் துறை. நகரத்தில் அரசுக்குச் சொந்தமான எந்தக் கட்டடத்தில் குழாய் ஒழுகினாலும், கூரை சொட்டினாலும், லிஃப்ட் நின்றாலும் கவனிக்க வேண்டியது அவர்கள்தான். அவர்களுடைய தலைமையகம் ஒன்பது மாடிக் கட்டடம். அதிலிருந்த ஒரே லிஃப்ட் மூன்று வருடமாக நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. தரைத்தளத்தில் அதன் கதவில் 'இயங்கவில்லை' என்று ஒரு பலகை தொங்கியது. அந்தப் பலகையை மட்டும் வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடித்துப் பராமரித்தார்கள்.

மெக்கானிக்குக்கு இந்த விஷயத்தைக் கொண்டுவந்தது அவருடைய மச்சினன். அவன் அந்தத் துறையின் இயக்குநருக்கு டிரைவர்.

"மாமா, எங்க ஆபீஸ்ல லிஃப்ட் மெக்கானிக் வேலை காலியா இருக்கு. வெளியில மூச்சு விட்டுடாதீங்க."

"விளம்பரம் வந்துச்சா?"

"வரல. வந்தா கூட்டம் அள்ளும். வர்றதுக்கு முன்னாடியே போய் நின்னுடணும்."

"எங்க நிக்கணும்?"

அது மச்சினனுக்குத் தெரியவில்லை. "முன்னாடி" என்றான் மறுபடியும்.

மெக்கானிக் பதினேழு வயதில் லிஃப்டுக்குள் தலையை விட்டவர். இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனி. மருத்துவமனை லிஃப்ட், ஹோட்டல் லிஃப்ட், மாவு மில்லில் மூட்டை ஏற்றுகிற லிஃப்ட் என்று எல்லாவற்றின் வயிற்றையும் திறந்து பார்த்திருக்கிறார். போன வருடம் கம்பெனியை யாரோ வாங்கினார்கள். வாங்கினவர்கள் முதல் வேலையாக அதை மூடினார்கள். அதிலிருந்து அவர் தெரிந்தவர் வீட்டு மிக்ஸி, ஃபேன் என்று பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஒன்பது மாடி உயரத்தில் ஆட்களைத் தூக்கி இறக்கின கைக்கு மிக்ஸி மூடியைத் திருகுகிற வேலை.

"போய்த்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி. அவள் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள். எதையும் கூட்டிக் கழித்துத்தான் பேசுவாள். "இன்னும் ஏழு வாரத்துல உங்களுக்கு நாப்பது முடியுது. முடிஞ்சா அப்புறம் எந்த அரசாங்க வேலைக்கும் உங்களைச் சீந்த மாட்டாங்க. ரெண்டு பொண்ணுங்க இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. ராத்திரி தூக்கம் வராததற்கு அந்த ஞாபகம்தான் காரணம். மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு துறைக்குப் போனார்.

தரைத்தளத்தில் தபால் பிரிவு. அங்கே இருந்த எழுத்தர் ரப்பர் முத்திரையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி விண்ணப்பத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முத்திரை மெல்ல இறங்கி மேஜைக்குப் போய்விட்டது.

"விளம்பர எண் எங்கே?"

"விளம்பரம் இன்னும் வரலைங்க."

"விளம்பரம் வராம விண்ணப்பம் எப்படி வந்துச்சு?"

"நான் கொண்டு வந்தேன்."

"நீங்க கொண்டு வந்தது தெரியுது. எந்த வேலைக்கு?"

"லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு."

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்படி ஒரு வேலை காலியா இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

மெக்கானிக் மச்சினனைக் காட்டிக்கொடுக்க விரும்பாமல், எதிரே தொங்கிய 'இயங்கவில்லை' பலகையைக் காட்டினார்.

"அது லிஃப்ட். அதை வெச்சு வேலை காலின்னு நீங்களா முடிவு பண்ணக்கூடாது." எழுத்தர் நல்ல மனிதர். அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். "இதை நான் வாங்கிக்கிட்டா, விளம்பரமே குடுக்காம விண்ணப்பம் வாங்கினோம்னு ஆயிடும். திருப்பிக் குடுத்தா, விளம்பரமே குடுக்காத வேலைக்கு ஒருத்தரை நிராகரிச்சோம்னு ஆயிடும். எப்படிப் பார்த்தாலும் அந்த வேலை இருக்குன்னு நாங்க ஒத்துக்கிட்ட மாதிரிதான். எங்க கையைக் கட்டிப் போடாதீங்க."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"விண்ணப்பிக்கலைன்னு எழுதிக் குடுங்க. அதைத் தாராளமா வாங்கலாம்."

மெக்கானிக் ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்தார். கிண்டலுக்கான அறிகுறி எதுவும் அதில் இல்லை. எழுத்தரே சொல்லச் சொல்ல இவர் எழுதினார்: 'ஐயா, தங்கள் துறையில் லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விண்ணப்பிக்காத எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் உண்டு. வயது முப்பத்தொன்பது. நன்னடத்தைச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. எனவே தாங்கள் கருணை கூர்ந்து, நான் விண்ணப்பிக்கவில்லை என்பதை விரைவில் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.'

"சான்றிதழ் மூணு செட் காப்பி, போட்டோ ரெண்டு" என்றார் எழுத்தர். முத்திரை இப்போது ஓங்கி விழுந்தது. ஒரு ரசீதும் கிடைத்தது. விண்ணப்பிக்காதோர் வரிசை எண் அறுபத்து மூன்று.

"அறுபத்து மூணா?"

"போன வாரம் வரைக்கும் நாப்பதுதான். எப்படியோ விஷயம் கசிஞ்சிடுச்சு."

வீட்டில் மனைவி அந்த ரசீதை இரண்டு முறை படித்தாள். "ஊர்ல எல்லாரும்தான் விண்ணப்பிக்கல. அதுக்கு எதுக்குங்க மூணு செட் காப்பி?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. இயக்குநரையே நேரில் பார்த்துக் கேட்டால் என்ன என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. மச்சினன் பதறிவிட்டான். இயக்குநரைப் பார்ப்பது அவ்வளவு லேசில்லை என்று அவன் சொன்ன விவரம் இது: இயக்குநரின் அறை ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் நின்ற மறுநாளே, லிஃப்ட் இயங்காத காலம் முழுவதும் இயக்குநர் தம் வாகனத்தில் இருந்தபடியே அலுவல் பார்க்கலாம் என்று மேலிடத்தில் ஓர் ஆணை வாங்கியாயிற்று. அதனால் மூன்று வருடமாக அவர் கட்டடத்தின் பின்பக்கம், நிழலில் நிற்கும் காரின் பின்சீட்டில் இருக்கிறார். ஏ.சி.க்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் காரில் இருக்கிறார், கார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே யார் வந்து கேட்டாலும் ஐயா சுற்றுப்பயணத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். மனுவோடு வருகிறவர்கள் மூச்சிரைக்க ஒன்பது மாடி ஏறி, பூட்டின கதவையும் பெயர்ப்பலகையையும் பார்த்துவிட்டு இறங்கிப் போவார்கள். நாளடைவில் அவர்கள் வருவதும் நின்றுவிட்டது.

நாலாவது வாரம் கடிதம் வந்தது. 'தாங்கள் நேர்காணலுக்கு அழைக்கப்படவில்லை. நேர்காணல் அல்லாத இச்சந்திப்பு வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒன்பதாவது மாடியில் நடைபெறும். தவறாமல் வரவும்.'

புதன்கிழமை அவர் படியேறினார். ஐந்தாவது மாடியில் பழக்கதோஷத்தில் லிஃப்ட் கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவு முழுசாக மூடவில்லை. ஒரு நகக்கண் அளவு இடைவெளி. மற்றவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. அவருக்குக் கை பரபரத்தது. கதவைத் தொடப் போனவர், நமக்கெதற்கு வம்பு என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலே நடந்தார்.

ஆறாவது மாடித் திருப்பத்தில் ஒரு பெண்மணி இரண்டு பக்கெட் தண்ணீரைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரை துடைக்கிறவள். ஆபீஸில் எல்லோரும் அவளைப் பக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயில் தண்ணீர் தரைத்தளத்துக்கு மேல் ஏறாது. துறை அதையும் பராமரித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஒரு பக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

"நீங்க விண்ணப்பிக்காதவரா?" என்று கேட்டாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"இந்த ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க யாரும் பக்கெட் வாங்க மாட்டாங்க."

"தினமும் இப்படியா ஏறுறீங்க?"

"ஒரு நாளைக்கு ஆறு தடவை. லிஃப்ட் ஓடினப்ப முட்டி நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மற்ற பக்கெட்டைத் தூக்கிக்கொண்டாள்.

மேலே இருபது பேர் காத்திருந்தார்கள். மீதிப் பேர் வழியிலேயே மனம் மாறி, உண்மையாகவே விண்ணப்பிக்காதவர்களாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேர்வு செய்கிற குழு மூன்றாவது மாடியிலிருந்து ஏறி வந்து, அரைமணி நேரம் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்த பிறகு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தது. நடுவில் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர். இரண்டு பக்கமும் இரண்டு பேர், அவர்கள் எழுதுவதற்கு.

"சொல்லுங்க" என்றார் கண்காணிப்பாளர். "இந்த வேலையை நீங்க ஏன் விரும்பல?"

"விரும்பறேனே, சார்!"

இரண்டு பேனாக்களும் நின்றன. கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "பதறாம, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாசம் முதல் தேதியானா சம்பளம் வந்துடும் சார். அது எனக்கு ஒத்துக்காது."

"ம், நல்லது."

"அப்புறம் பெரிய பொண்ணு காலேஜ் சேரணும்ங்கறா. வேலை கிடைச்சா சேர்த்துவிட வேண்டியிருக்கும். அதெல்லாம் வீண் தொல்லை." பேனாக்கள் மளமளவென்று எழுதின.

"ரொம்ப நல்லது. ஒரே ஒரு தொழில்நுட்பக் கேள்வி. லிஃப்ட் நின்னுபோச்சுன்னா முதல்ல என்ன செய்வீங்க?"

"உள்ள ஆள் மாட்டியிருக்காங்களான்னு பார்ப்பேன்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படி விதியில எதுவும் இல்லையே. முதல்ல பதிவேட்டில் எழுதணும். போகட்டும், சின்னத் தவறுதான்." கண்காணிப்பாளர் எழுந்து கை குலுக்கினார். "இவ்வளவு சிறப்பா விண்ணப்பிக்காத ஒருத்தரை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. நீங்கதான் முதல் இடம். ஒரே ஒரு சிக்கல், அந்த வேலை காலியில்ல."

"காலியில்லையா? அப்ப மெக்கானிக் யாரு சார்?"

"கீழே லிஃப்ட் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காரே, பார்க்கலையா?"

பார்த்திருந்தார். வாட்ச்மேன் என்று நினைத்திருந்தார். ஒன்பது மாடி இறங்கி வந்து அவர் எதிரே நின்றபோது பழைய மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். வயது அறுபத்தொன்று. மூன்று வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார் என்பது ஓய்வூதியப் பிரிவின் கட்சி. இன்னும் பொறுப்பை ஒப்படைக்காததால் அவர் பணியில்தான் இருக்கிறார் என்பது நிர்வாகப் பிரிவின் கட்சி. ஓய்வு பெற்றவருக்குச் சம்பளம் கிடையாது, பணியில் இருப்பவருக்கு ஓய்வூதியம் கிடையாது. இரண்டு பிரிவும் அதில் மட்டும் கறாராக இருந்தன. அவர் தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த நாற்காலியில் ஐந்து மணி வரை இருந்தார்.

"ஏன் ஒப்படைக்கல?" என்று கேட்டார் மெக்கானிக்.

பழையவர் சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல். ஸ்க்ரூடிரைவர் இரண்டு, எண்ணெய்க் கேன் ஒன்று, கதவுச் சாவி ஒன்று, நாற்காலி ஒன்று. கடைசியில், லிஃப்ட் ஒன்று, ஓடும் நிலையில்.

"நான் ரிட்டையர் ஆன அன்னைக்கு மேலே விழா நடந்துச்சு. இயக்குநர் பேசினார். எழுதி வெச்சிருந்ததைப் படிச்சு அவரே அழுதார். முடிஞ்சு எல்லாரும் ஒண்ணா லிஃப்ட்ல இறங்கினோம். எட்டுப் பேர் போற லிஃப்ட்ல பதினஞ்சு பேர். அஞ்சாவது மாடியில சிலர் இறங்கினாங்க. மறுபடி கிளம்பி அரை மாடி வந்ததும் நின்னுபோச்சு. எல்லாரையும் வெளியில எடுத்து முடிக்கறப்ப மணி அஞ்சு."

"அப்புறம் சரி பண்ண வேண்டியதுதானே?"

"அஞ்சு மணிக்கு நான் ரிட்டையர். ரிட்டையரானவன் அரசாங்க லிஃப்டைத் தொட்டா அத்துமீறல்னுட்டாங்க. தொடாம விட்டா ஒப்படைக்க முடியாதுன்னுட்டாங்க. மூணு வருஷமா இங்கேயே உட்கார்ந்து அதைப் பத்தித்தான் யோசிக்கிறேன்."

"யோசிச்சதுல ஏதாவது பிடிபட்டுச்சா?"

"அஞ்சாவது மாடிக் கதவு" என்றார் பழையவர்.

"ஒரு நகக்கண் அளவு" என்றார் மெக்கானிக்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டடத்தில் மூன்று வருடம் கழித்து இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டது அப்போதுதான்.

"வெளியாளும் தொடக்கூடாது" என்றார் பழையவர் வருத்தமாக.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். இந்த ஆபீஸில் ஒரு மாதம் அலைந்ததில் அவருக்கும் அங்கே பேசுகிற விதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "பெரியவரே, நான் இங்கே விண்ணப்பிக்கல. அதுக்கு ரசீது வெச்சிருக்கேன். என்னை நேர்காணலுக்கு அழைக்கல. அதுக்குக் கடிதம் இருக்கு. ரெக்கார்டுப்படி நான் இந்தக் கட்டடத்துக்குள்ள வரவே இல்ல. வராத ஆள் எப்படி அத்துமீற முடியும்?"

பழையவர் நாற்காலியை விட்டு எழுந்தார். சாவி அவர் பையில்தான் இருந்தது.

மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை கட்டடத்தில் ஈ காக்காய் இருக்காது. ஐந்தாவது மாடிக் கதவைத் திறந்து பூட்டுப் பொறியைப் பார்த்தார்கள். அதன் இரண்டு முனைகளும் சேரவேண்டிய இடத்தில், மசகு ஏறிக் கறுத்துப்போய், நான்காக மடிந்த ஒரு காகிதம் சிக்கியிருந்தது. கதவு சரியாக மூடவில்லை என்று லிஃப்ட் நினைத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால் எந்த ஒழுங்கான லிஃப்டும் நகராது. மெக்கானிக் காகிதத்தை இழுத்துப் பிரித்தார். இயக்குநர் விழாவில் பேசிய பேச்சின் கடைசிப் பக்கம். இறங்குகிற நெரிசலில் கையிலிருந்து நழுவியிருக்க வேண்டும். கடைசி வரி இன்னும் படிக்கிற மாதிரி இருந்தது: 'இவருடைய இடத்தை யாராலும் நிரப்ப முடியாது.'

"மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார்" என்றார் பழையவர்.

மெக்கானிக் காகிதத்தைத் தம் பையில் வைத்துக்கொண்டார். காகிதத்தை எடுத்ததும் பொத்தானை அமுக்கிவிடவில்லை. மூன்று வருடம் நின்ற பொருளை நம்பி ஆளை ஏற்றுகிறவர் இல்லை அவர். அன்று தொடங்கி மதிய நேரங்களில் மொட்டைமாடி மோட்டார் அறையில் பிரேக்கைப் பிரித்தார், இரும்பு வடங்களை விரல் விரலாகத் தடவிப் பார்த்தார், எண்ணெய் விட்டார். வெள்ளிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு லிஃப்ட் கீழே வந்து 'டிங்' என்று கதவைத் திறந்தது. பழையவர் உள்ளே போய் அதன் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருக்குக் கண் கலங்கியது. மெக்கானிக்குக்கும்தான்.

கண்காணிப்பாளர் வந்து பார்த்தார். யார் சரி செய்தது என்று கேட்டால் யாரையாவது தண்டிக்க வேண்டியிருக்கும். அதனால் கேட்காமல் பதிவேட்டில் 'லிஃப்ட் தானாகவே சரியானது' என்று எழுதினார். பழையவர் பட்டியல்படி எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது மெக்கானிக்கின் இரண்டு கையையும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

நாற்பது முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. மெக்கானிக் மூன்றாவது மாடிக்கு ஓடினார், இந்த முறை லிஃப்டில்.

"சார், இப்ப வேலை காலிதானே?"

"காலிதான்" என்றார் கண்காணிப்பாளர். "அதனால ரத்து பண்ணிட்டோம்."

"ரத்தா?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க. லிஃப்ட் நின்னுகிட்டிருந்தப்ப மெக்கானிக் தேவைப்பட்டார். ஆனா வேலை காலியில்ல. இப்ப வேலை காலியாச்சு. ஆனா லிஃப்ட் ஓடுது. ஓடற லிஃப்டுக்கு எதுக்கு மெக்கானிக்? அதுவும் தானாகவே சரியாகிற லிஃப்டுக்கு? நாங்க பொதுமக்கள் வரிப்பணத்துக்குப் பதில் சொல்லணும்ங்க."

மெக்கானிக் படி வழியாகவே இறங்கினார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. தட்டை எடுத்து வைத்துச் சாப்பிடச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஆனால் திங்கட்கிழமை துறையில் வேறு விதமாக விடிந்தது. லிஃப்ட் ஓடுகிறது என்ற செய்தி ஊரில் பரவிவிட்டது. லிஃப்ட் இயங்காத காலத்துக்கு மட்டும் என்று வாங்கின ஆணை செல்லாமல் போனதால், இயக்குநர் காரை விட்டு இறங்கி ஒன்பதாவது மாடி அறைக்குப் போய் உட்கார வேண்டியதாயிற்று. பின்னாலேயே ஜனம் வந்தது. மூன்று வருடத்தில் அந்த அறைவரை ஏறி வந்த மனுக்கள் மொத்தம் பதினொன்று. மூன்று நாளில் வந்தவை நானூற்றுச் சொச்சம். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, வகுப்பறைக் கூரையிலிருந்து சொட்டின தண்ணீரை ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்து இயக்குநர் மேஜையில் வைத்தாள். ஒருவர் கையோடு கழன்று வந்த குழாயைக் கொண்டுவந்தார். நூலகத்திலிருந்து வந்தவர்கள் உடைந்த ஜன்னலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். லிஃப்டில் அது கச்சிதமாக அடங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலம் இயக்குநர், லிஃப்டில் கூட்டம் இருந்ததால், ஒன்பது மாடியையும் படி வழியாக இறங்கிக் காருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அவசரக் கூட்டம் காரிலேயே நடந்தது. பின்சீட்டில் இயக்குநரும் கண்காணிப்பாளரும். முன்சீட்டில் மச்சினன். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பிறகு மாமாவிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான்.

"நான் மக்களுக்கு எதிரி இல்ல" என்றாராம் இயக்குநர். "அவங்க கீழே இருந்த வரைக்கும் நான் அவங்களை எவ்வளவு நேசிச்சேன்னு உங்களுக்கே தெரியும். மேலே வந்தா என்ன ஆகுது? என்னைப் பார்க்கிறாங்க. பார்த்ததும் நம்பிக்கை போயிடுது. கீழே இருந்தப்ப, மேலே யாரோ இருக்காங்க, ஏதோ செய்வாங்கன்னு நம்பிக்கையா இருந்தாங்க. அந்த நம்பிக்கையைக் காப்பாத்தறதுதான் பராமரிப்பு. அந்த லிஃப்ட் நிக்கணும்."

"நிறுத்திடலாம் சார். ஆனா ஏற்கெனவே ஒரு தடவை தானாகவே சரியாயிருக்கு. மறுபடி சரியாயிடுச்சுன்னா?"

"அப்ப அது சரியாகாம பார்த்துக்க ஒரு நிபுணரைப் போடுங்க. நிரந்தரமா. நாளைக்கே."

"விளம்பரம் குடுத்தா ஆறு மாசம் ஆகும் சார்."

"விளம்பரம் எதுக்கு? விண்ணப்பிக்காதவங்க பட்டியல் இருக்கில்ல?"

"இருக்கு. முதல் இடம் அறுபத்து மூணாம் நம்பர். லிஃப்ட் நின்னா உள்ள ஆளைத் தேடுவேன்னு சொன்னவர்."

"அவர் வேண்டாமே."

"மத்தவங்க யாருக்கும் லிஃப்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். அவங்கெல்லாம் நிஜமாவே விண்ணப்பிக்காதவங்க."

கோப்பு மறுநாள் ஒரே மதியத்தில் ஏழு கையெழுத்தும் வாங்கித் திரும்பியது. மாடிக்கு மாடி லிஃப்டிலேயே போய் வந்ததுதான் அந்த வேகத்துக்குக் காரணம். மெக்கானிக்கின் கைக்கு நியமன ஆணை வந்தபோது, நாற்பது முடிய ஐந்து நாள் இருந்தது. பதவியின் பெயர் 'லிஃப்ட் நிலைக் காப்பாளர்.'

கண்காணிப்பாளர் ஒப்படைப்புப் பட்டியலை நீட்டினார். ஸ்க்ரூடிரைவர் இரண்டு, எண்ணெய்க் கேன் ஒன்று, கதவுச் சாவி ஒன்று, நாற்காலி ஒன்று. லிஃப்ட் ஒன்று, ஓடாத நிலையில்.

"பதினெட்டு வருஷம் கழிச்சு நீங்க ரிட்டையர் ஆகும்போது இதே நிலையில ஒப்படைக்கணும். ஓடிச்சுன்னா உங்களுக்கு விடுதலை கிடைக்காது. தினமும் பத்து மணிக்கு நான் வந்து பார்ப்பேன்."

மெக்கானிக்கின் கையில் பேனா நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ லிஃப்டைத் தொட்டிருக்கிறார். ஓடுகிற ஒன்றை நிறுத்தினதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பெரிய பெண்ணின் காலேஜ் படிவம் வீட்டில் நிரப்பப்படாமல் கிடந்தது. கையெழுத்துப் போட்டார்.

"என்ன வேலைங்க?" என்று மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"லிஃப்ட் ஓடாம பார்த்துக்கணும்."

"அது உங்களுக்குத் தெரியாதே" என்றாள்.

முதல் நாள் அவர் காலை எட்டு மணிக்கே போய்விட்டார். ஆபீஸ் பத்து மணிக்கு. பக்கெட் அக்கா இரண்டு பக்கெட்டோடு முதல் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக், மறுபடி மாட்டப்பட்டிருந்த பலகையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு லிஃப்ட் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கக்கா."

"இயங்காதுன்னு போட்டிருக்கே."

"அது பத்து மணிக்கு மேல."

அவள் பக்கெட்டுகளை உள்ளே வைத்து, ஒன்பதாவது மாடி வரை கையை வீசிக்கொண்டு போனாள். மறுநாள் அவளோடு, பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு மனுவைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அந்த ஆசிரியை வந்து நின்றாள். அடுத்த வாரம் குழாய்க்காரர் வந்தார். மாதக் கடைசியில் காலை எட்டு மணிக்குத் தரைத்தளத்தில் முப்பது பேர் சத்தம் போடாமல் வரிசையில் நின்றார்கள். எட்டு எட்டுப் பேராக அவர்களை அவர் மேலே கொண்டுபோய் இறக்கினார். மறுபடி காருக்கே போய்விட்ட இயக்குநரின் பூட்டின அறைக் கதவுக்கு அடியில் மனுக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. உள்ளே குவிந்த காகிதத்தைத் தள்ளிக்கொண்டுதான் அந்தக் கதவை இனித் திறக்க முடியும் போலிருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு அவர் எல்லோரையும் இறக்கி அனுப்பிவிட்டு ஐந்தாவது மாடிக்குப் போவார். காலையில் உருவிப் பையில் வைத்த, நான்காக மடித்த அந்தக் காகிதத்தை எடுத்து, கதவுப் பொறியில் அதன் பழைய இடத்தில் செருகுவார். படி வழியாக இறங்கிப் பலகையை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்காருவார். பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் வந்து பொத்தானை அமுக்கிப் பார்ப்பார்.

"ஓடலையே?"

"ஓடல சார்."

"நல்லது" என்று பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு அவர் படியேறுவார்.

காலையில் எட்டு மணி முதல் ஒன்பதே முக்கால் வரை அந்த லிஃப்ட் ஓடுவது ஊருக்கே தெரியும். துறைக்கு மட்டும்தான் தெரியாது.